வலது பின் சக்கரம்: தங்கவயலில் மூன்று நாள்

போன மாதம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். குடும்பத்தோடு கோலார் தங்கவயலுக்கு ஒரு நாள் போய்வர நினைக்கிறாராம், அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தார். கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டில் காரணம் கேட்டார்கள், எனக்கே தெரியவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் புரிந்தது. அந்த ஊரில் நான் பார்த்ததை இதுவரை ஒரு இடத்திலும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அப்புறம் அவருக்கு எப்படித் தெரியும்?

நான் போனது அறுபத்தேழு டிசம்பரில். சுற்றிப் பார்க்கப் போகவில்லை, ஒரு சக்கரத்தைப் பார்க்கப் போனேன். அப்போது பெங்களூரில் பிக்கப் வண்டிகள் விற்கும் ஒரு டீலரிடம் எனக்கு வேலை. புது வண்டியில் ஏதாவது உடைந்துபோய் வாரண்டி கேட்டு வருவார்கள். உடைந்ததற்குக் காரணம் கம்பெனியா, ஓட்டியவரா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது நான். என்ன சொன்னாலும் ஒரு பக்கம் என்னைத் திட்டும். அந்த வேலைக்கு என்னைப்போல ஒரு சிடுமூஞ்சிதான் சரி என்று மானேஜர் நினைத்திருக்க வேண்டும்.

தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கப் பகுதியிலிருந்து ஒரு பிக்கப்பைப் பற்றித் தகவல் வந்தது. வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் மூன்று தடவை வீல் ஸ்டட் உடைந்திருக்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் முளைகள்தான் ஸ்டட். அந்த வண்டிக்குச் சக்கரத்துக்கு ஐந்து. சக்கரத்தை அதில் மாட்டி, மேலே நட்டைப் போட்டு முடுக்குவோம். ஒன்று உடைந்தால் வண்டி ஓடும். இரண்டு உடைந்தால் ஓட்டக்கூடாது. மூன்றாவது தடவை பங்காருப்பேட்டை சாலையில் சக்கரமே கழன்று தனியாக ஓடியிருக்கிறது. வண்டியில் காய்கறி மூட்டைகளோடு நாலு பெண்களும் இருந்திருக்கிறார்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த வண்டியில் ஏற ஆள் இல்லை.

காலை ரயிலில் கிளம்பினேன். பெங்களூரிலிருந்து பங்காருப்பேட்டைக்கு எழுபது கிலோமீட்டர். அங்கே இறங்கி மாரிக்குப்பம் போகும் சின்ன வண்டிக்கு மாற வேண்டும். அது பதினாறு கிலோமீட்டர்தான், ஆனால் ஒவ்வொரு நிலையத்திலும் நின்று, ஆள் ஏறி இறங்கி, நலம் விசாரித்து முடித்த பிறகே கிளம்பும். ஊரிகம் தாண்டும்போது ஜன்னல் வழியாக வெள்ளை மலை ஒன்று தெரிந்தது. மலை என்று நினைத்து நான் வியந்துகொண்டிருக்க, எதிரே இருந்தவர் அது மண்மேடு என்றார். பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்தபின் கொட்டிய தூள். ஊரைவிட உயரமாக இருந்தது. உள்ளேயிருந்து இவ்வளவையும் மனிதர்கள் வெளியே கொண்டுவந்திருந்தால், கீழே எவ்வளவு பெரிய வெற்றிடம் இருக்க வேண்டும் என்று யோசித்தேன். உட்கார்ந்திருந்த பலகையை என்னையறியாமல் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

சாம்பியன் ரீப்ஸ் நிலையத்தில் அந்த வண்டியின் டிரைவர் கௌதமன் வந்து காத்திருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, வெளுத்த சட்டை. நடந்தே வந்திருந்தார். வண்டிதான் ஓடாதே என்றேன். ஓடினாலும் சாவி தன்னிடம் இல்லை என்றார். வழியில் மீதியைச் சொன்னார். வண்டி குப்பம்மாள் என்பவருடையது. அவர் அதிகாலையில் பங்காருப்பேட்டைக்குப் போய்க் காய்கறி எடுத்து வந்து, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டுக்குப் போகும் சாலையோரம் வண்டியை நிறுத்தி, ஷிப்ட் மாறும் நேரத்தில் விற்பார். சக்கரம் கழன்ற அன்றே சாவியை வாங்கிக்கொண்டாராம். கம்பெனி ஆள் வந்து பார்க்கட்டும், டிரைவர்மேல் தப்பு என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

"வேற வேலை கிடைக்காதா?" என்று கேட்டேன்.

"கிடைக்கும் சார். எங்கப்பா சுரங்கத்துல கீழதான் போனாரு. அவர் எடம் எனக்கு வெச்சிகினு கீறாங்க. நாளைக்கே கேஜ்ல ஏறலாம்." கொஞ்ச தூரம் போனதும், "எங்கம்மாவுக்கு மட்டும்தான் அது வேணாம்" என்றார்.

அப்பா எப்படி இறந்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

வண்டி அதன் வழக்கமான இடத்தில் நின்றது. தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு முன்னால் ஒரு கருங்கல் சுவர் ஓடுகிறது. அதை ஒட்டி, இடது சக்கரங்கள் சாக்கடை விளிம்பில் இருக்க நிறுத்தியிருந்தார்கள். வலப்பக்கம் சாலை. கழன்ற சக்கரத்தைப் புது ஸ்டட் போட்டு மாட்டி, வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து அதே இடத்தில் விட்டு, அதிலேயே வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. பங்காருப்பேட்டைக்கு இப்போது ரயிலில் போய்வருகிறார்களாம். தராசோடு உள்ளே உட்கார்ந்திருந்த குப்பம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பது வயது, கனத்த குரல். முந்தானை முனையில் சாவி முடிச்சுப் போட்டிருந்தது.

"நல்லா பாருங்க சார்" என்றார். "எனக்குப் பூசி மெழுகறது வேணாம். வண்டி தப்பா, இவன் தப்பா, அதான் தெரியணும்."

ஜாக்கி வைத்துச் சக்கரங்களைப் பார்த்தேன். முதலிலேயே ஒரு விஷயம் இடித்தது. மூன்று தடவையும் உடைந்தது வலது பின் சக்கரம் மட்டும். அதிக பாரம் ஏற்றினால் இரண்டு பின் சக்கரமும் அடி வாங்க வேண்டும். இடது பின் சக்கரமோ பெங்களூரில் நாங்கள் கொடுத்தபடியே இருந்தது, நட்டின் மேல் பூசிய பெயிண்ட்கூடப் போகவில்லை. பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளும் தொங்கவில்லை. ஆகவே பாரம் காரணம் இல்லை. ஸ்டட்டின் இரும்பே மட்டமோ என்று பார்த்தால், முதலில் உடைந்தது கம்பெனி போட்டது, அப்புறம் உடைந்தவை வேறு வேறு கடையில் வாங்கியவை, எல்லாம் ஒரே சக்கரத்தில் மட்டும் மட்டமாக இருக்க வழியில்லை.

கௌதமன் உடைந்த துண்டுகளைத் தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தேன். உடைந்த இடத்துக்குச் சற்று முன்னால் கழுத்து மெலிந்திருந்தது. அளவுக்கு மீறி முடுக்க முடுக்க இரும்பு இழுபட்டு, மெலிந்து, ஒரு நாள் போய்விடும். இதில் சந்தேகமே இல்லை. யாரோ மிதித்து முடுக்கியிருக்கிறார்கள். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே தரையில் வீல் ஸ்பானர் கிடந்தது. அதன் கைப்பிடியில் இரண்டடி பைப் ஒன்றைச் சொருகி வைத்திருந்தார்கள். பைப் நீளமானால் பிடி வலுக்கும். சின்னப் பையன்கூட அதை வைத்து ஸ்டட்டை ஒடித்துவிடலாம்.

"நீதானே முடுக்கினது?" என்று கௌதமனைக் கேட்டேன்.

"நான் ஸ்பானரைத் தொட்டதே இல்ல சார். தொடற மாதிரி வரவேயில்ல."

முகத்துக்கு நேரே பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். ஏழு மாதம் வண்டி ஓட்டிய டிரைவர் ஸ்பானரைத் தொடவில்லையாம். ஆனாலும் இடது பக்கம் ஏன் தப்பியது? ஒரு சக்கரத்தை மட்டும் வெறியோடு முடுக்குகிற டிரைவரை நான் பார்த்ததில்லை. அந்த ஒரு இழை நெருடியதால் அன்று எதையும் சொல்லாமல் விட்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றதும் குப்பம்மாள் உதட்டைப் பிதுக்கினார். கௌதமன் டப்பாவை மூடினார், மூடி சரியாக உட்காரவில்லை.

சாப்பிடலாம் என்று எதிரே இருந்த கடைக்குப் போனேன். இட்லி ஆறிப்போயிருந்தது, டீ நன்றாக இருந்தது. பாதி குடித்திருப்பேன். கண்ணாடி டம்ளர் பெஞ்சின் மேல் தானாகக் கிணுகிணுத்தது. காலுக்கடியில் ஏதோ ஒன்று ஒரு தடவை புரண்டு படுத்தது. ஓட்டிலிருந்து தூசி விழுந்தது. நான் எழுந்து ஓடப் பார்த்தேன். கடையில் வேறு யாரும் அசையவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தி, எல்லோரும் ஒரே திசையில் திரும்பினார்கள். அங்கே ஷாப்டின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரம். அதன் உச்சியில், ஆட்களை ஏற்றி இறக்கும் கயிறு ஓடும் இரண்டு பெரிய சக்கரங்கள். அவை நின்றிருந்தன.

கீழே எங்கோ பாறை வெடித்திருக்கிறது என்று கடைக்காரர் மெல்லச் சொன்னார். கல்லை எடுக்க எடுக்க மேலேயிருக்கும் பூமி அழுத்துகிறது, தாங்காமல் ஏதோ ஓர் இடத்தில் பாறை வெடிக்கிறது. வாரத்துக்கு இப்படி எத்தனையோ வரும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், கண் மட்டும் கோபுரத்தை விட்டு நகரவில்லை. தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். குப்பம்மாள் தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றது தெரிந்தது. அவருடைய கணவர் ஏழுமலை கீழே மரமுட்டு வேலைக்கு மேஸ்திரி, அப்போது உள்ளே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் உச்சியிலிருந்த சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்தன. யாரும் பெருமூச்சுகூட விடவில்லை. விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடங்கியது. குப்பம்மாள் உட்கார்ந்து தராசை எடுத்தார். எனக்கு மட்டும் அந்த டீயை முடிக்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு வயதான பெண் எல்லோரும் உள்ளே போன பிறகும் வாசலில் நின்று கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர்தான் கௌதமனின் அம்மா என்று பிறகு தெரிந்தது. அவருடைய மகன் அப்போது மேலேதான் இருந்தார், பத்தடி தூரத்தில், கையில் தகர டப்பாவோடு.

மாலையில் ஏழுமலை மேஸ்திரியைப் பார்த்தேன். மனைவிக்கு நேர் எதிர். பேசினால் காசு செலவாகும் என்பதுபோல் இருப்பார். சுரங்கத்தைப் பார்க்க ஆசை என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, அதிகாரியிடம் கேட்டு மறுநாளுக்கு அனுமதி வாங்கி வந்துவிட்டார். அந்தக் காலத்தில் ஆள் தெரிந்தால் அப்படி முடிந்தது. மறுக்கவும் வெட்கமாக இருந்தது. அன்று நான் சரியாகத் தூங்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை தலையில் இரும்புத் தொப்பி, நெற்றியில் விளக்கு, காலில் என் அளவுக்குப் பொருந்தாத பூட்ஸ். கேஜ் என்பது ஓர் இரும்புப் பெட்டி. நெருக்கியடித்து நின்றோம். கதவைச் சாத்தினார்கள், மணி அடித்தது, காலுக்குக் கீழே தரை காணாமல் போனது. அதை இறங்குவது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, விழுந்தோம். காது அடைத்தது. கண்ணுக்கு முன்னால் ஈரப் பாறை மேல்நோக்கிப் பறந்தது. பக்கத்தில் நின்றவர் கொட்டாவி விட்டார். ஒருத்தர் மகள் கல்யாணத்துக்குக் குடியாத்தத்திலிருந்து சமையல்காரரைக் கூப்பிடலாமா என்று இன்னொருவரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் நடந்தோம், இன்னொரு கேஜில் ஏறி இன்னும் கீழே போனோம். சாம்பியன் ரீப்ஸ் ஷாப்டுகள் பத்தாயிரம் அடிக்கும் மேல் போகின்றன. என்னை அவ்வளவு தூரம் அழைத்துப்போகவில்லை. போன தூரமே எனக்குப் போதும். டிசம்பர் குளிரில் மேலே ஸ்வெட்டர் போட்டிருந்த ஊர் அது. கீழே சட்டையைப் பிழிந்தேன். பாறையில் கை வைத்தால் சுட்டது, ஜுரக்காரனின் நெற்றி மாதிரி. விளக்கை அணைத்துக் காட்டினார்கள். அப்படி ஓர் இருட்டை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. என் தலைக்கு மேலே முழு ஊரும், ரயிலும், அந்த வெள்ளை மலையும் இருக்கின்றன என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. பயத்தில் இல்லை. இங்கே மனிதன் வந்திருக்கிறானே, தினம் வருகிறானே, அந்த மலைப்புதான். கோயிலில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை.

ஏழுமலை மேஸ்திரியின் ஆட்கள் வேலை செய்யும் இடம் ஒரு நீண்ட சுரங்கவழி. மேலேயிருக்கும் பாறையைத் தாங்க இரண்டு பக்கமும் தடித்த மரமுட்டுகள் நின்றன. முட்டுக்கும் பாறைக்கும் நடுவில் இறுக்கமாக ஆப்பு அடித்திருந்தது. உள்ளே வந்த ஒவ்வொருவரும் முதலில் செய்தது ஒன்றுதான். தன் பக்கத்து முட்டின் ஆப்பில் சம்மட்டியால் ஓர் அடி. ஒருவர் அடித்தார், பின்னால் வந்தவரும் அதே ஆப்பில் அடித்தார், அவருக்குப் பின்னால் வந்தவரும். ஏற்கெனவே இறுகியிருக்கிறதே என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"பாறை நகந்துகினே கீது சார். நேத்து இறுக்கினது இன்னிக்கு இறுக்கமில்ல" என்றார். அப்புறம் அந்த மூன்று நாளில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சைப் பேசினார். "வரும்போது அடிக்கிறது நம்ம உசுருக்கு. போம்போது ஒண்ணு அடிச்சிட்டுப் போவோம். அது அடுத்த ஷிப்ட்காரனுக்கு. அவன் யாரு இன்னான்னு பாக்கறதில்ல. அடிக்காம போனா வீட்ல சோறு எறங்காது."

ஷிப்ட் முடிந்தபோது அதையும் பார்த்தேன். களைத்து, பாறைத்தூள் படிந்து, நடக்கவே தெம்பில்லாத ஆட்கள். ஒவ்வொருவரும் ஆப்பில் ஓர் அடி போட்டுவிட்டுத்தான் கேஜை நோக்கி நடந்தார்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் கண்காணிக்கவும் இல்லை. டங், டங் என்று அந்தச் சத்தம் இருட்டில் எங்களுக்குப் பின்னால் வெகுதூரம் வந்தது. பழகிய கைக்கு இதெல்லாம் சாதாரணம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சாதாரணமாகவே படவில்லை. முகம் தெரியாத ஒருவனுக்காகத் தினமும் ஓர் அடி. நெஞ்சு நிறைந்துபோய்தான் கேஜில் ஏறினேன்.

மேலே வெளிச்சம் கண்ணில் குத்தியது. அந்த ஆட்களோடு சேர்ந்து நானும் சாலையில் நடந்தேன். குப்பம்மாள் வண்டிக்கு முன்னால் வழக்கமான கூட்டம். முதலில் போனவர் அரைக்கிலோ கத்தரிக்காய் கேட்டார். கேட்டுக்கொண்டே குனிந்தார். ஸ்பானரை எடுத்து வலது பின் சக்கரத்தின் நட்டில் மாட்டினார், பைப்பைப் பிடித்து ஓர் இழு இழுத்தார், கீழே போட்டார், காயை வாங்கிக்கொண்டு போனார். அடுத்தவர் வந்தார். அவரும் பேச்சை நிறுத்தவில்லை. எடுத்தார், ஓர் இழு, போட்டார். அதற்கடுத்தவரும் அப்படியே.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இடது பக்கம் சுவர். அங்கே யாரும் போக முடியாது, காய் வாங்க நிற்பது வலது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில். அவ்வளவுதான் விஷயம். ஷிப்டுக்கு ஷிப்ட், ஏழு மாதமாக, ஒரு சுரங்கமே அந்தச் சக்கரத்துக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தது.

நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் ஏழுமலை மேஸ்திரியின் முறை வந்துவிட்டது. அவர் பைப்பைப் பிடித்து உடம்பைச் சாய்த்தார். டக் என்றது. நட்டும், அதற்குள் மெலிந்த கழுத்தோடு ஒடிந்த ஸ்டட்டும் அவர் காலடியில் விழுந்து உருண்டன.

ஏழுமலை குனிந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நான் பையிலிருந்து ஒரு புது ஸ்டட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். கழுத்தைக் காட்டினேன். பாறை நகர்கிறது, அதனால் ஆப்புக்குத் தினம் ஓர் அடி வேண்டும். நட்டு அப்படி நகர்வதில்லை. ஒரு தடவை சரியாக முடுக்கினால் அது நிற்கும். அதற்கு மேல் இழுக்கும் ஒவ்வொரு இழுவையும் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் தாழ்ந்துபோனது. ஏதோ கெட்ட செய்தி சொல்லும் வீட்டில் நிற்பதுபோல் இருந்தது.

எப்படி ஆரம்பித்தது என்று மெதுவாக வெளியே வந்தது. வண்டி வந்த புதிதில் வலது பின் சக்கரத்தில் ஒரு நட்டு தளர்ந்திருக்கிறது. புது வண்டியில் அது சகஜம். அதிகாலையில் பெண்கள் ஏறிப்போகும் வண்டி, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏழுமலை தன் ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். பார்த்துக்கொண்டார்கள். ஒரு ஸ்டட் உடைந்ததும் இன்னும் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்தது உடைந்ததும் யாரோ பைப் கொண்டுவந்து போட்டார்கள்.

நான் கௌதமனைப் பார்த்து, நேற்றே ஏனய்யா இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"முடுக்கினது நானான்னு கேட்டீங்க சார். இவங்க முடுக்கல. ஷிப்ட் வுட்டு வராங்க" என்றார். அவர் அதைப் பூசி மெழுகவில்லை. அந்த ஊரில் யாருக்குமே அது முடுக்குவதாகப் படவில்லை, மூச்சு விடுவதுபோல அது பாட்டுக்கு நடந்தது.

குப்பம்மாள் வண்டியிலிருந்து இறங்கினார். கணவரின் கையிலிருந்த ஒடிந்த துண்டைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று எல்லோரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தோம். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அது இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது. சாவியை கௌதமனின் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"உன் மேல பழி போட்டேன்" என்றார். "அதை நான் திருப்பி எடுத்துக்கறேன். உங்கம்மா கிட்ட நானே போய் சொல்றேன்."

கௌதமன் சாவியைப் பிடித்த கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, அங்கேயே வைத்துக்கொண்டார்.

கூட்டம் கலையாமல் நின்றது. கல்யாணச் சமையலுக்கு யோசனை கேட்டுக்கொண்டிருந்தாரே, அந்த மனிதர் பின்னாலிருந்து கேட்டார். "அப்போ நாங்க இன்னா பண்றது சார்? சும்மா பாத்துகினு போறதா?"

கம்பெனிப் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் அளவு போட்டிருக்கிறது, இதற்குப் போடவில்லை. சும்மா போங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் சோறு இறங்காது என்று அன்று காலைதான் கேட்டிருந்தேன்.

பதில் கௌதமனிடமிருந்து வந்தது. "தொட்டுட்டுப் போங்கண்ணா. முடுக்க வேணாம். கை வெச்சிட்டுப் போங்க, போதும்."

மூன்றாம் நாள் காலை ஐந்து ஸ்டட்டும் புதிதாகப் போட்டு, நட்டுகளை நானே முடுக்கினேன். பைப்பை ஏழுமலை எடுத்துக்கொண்டு போய்விட்டார், எங்கே போட்டார் என்று தெரியாது. என்னை நிலையத்தில் விட கௌதமன் வண்டியை எடுத்தார். முன்னால் ஏற நாலு பெண்கள் தயாராக நின்றார்கள், நான் பின்னால் ஏறினேன். கிளம்புமுன் ஷிப்டுக்குப் போகிறவர்கள் வரிசையாக அந்தப் பக்கம் வந்தார்கள். ஒவ்வொருவரும் வலது பின் சக்கரத்துக்கு மேலிருக்கும் மட்காட்டில் உள்ளங்கையை ஒரு கணம் வைத்தார்கள். வைத்துவிட்டு, கோபுரத்தை நோக்கி நடந்தார்கள்.

வாரண்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. பார்த்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன், டிரைவர் மேல் தவறில்லை என்பதை முதல் வரியிலேயே எழுதினேன். மானேஜர் இரண்டு தடவை படித்தார். அதிகமாக முடுக்கினால் வாரண்டி இல்லை என்பது விதி, யார் எதற்காக முடுக்கினாலும் விதிதான் என்றார். அவர் சொன்னதும் சரி. ஆனால் அதற்குப் பிறகு புது வண்டி கொடுக்கும்போதெல்லாம், நட்டை எப்போது, எவ்வளவு முடுக்க வேண்டும் என்று வாங்குகிறவரின் மொழியில் வாயால் சொல்லித்தான் சாவி கொடுப்போம்.

இனி போக நினைக்கிறவர்களுக்கு. சுரங்கத்தை மூடிவிட்டார்கள். கீழே இறங்க முடியாது, இறங்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். பெங்களூரிலிருந்து ரயிலில் போவதுதான் சுகம். கிளம்பும் முன் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், திரும்பும் வண்டியைத் தவறவிட்டால் திண்டாட்டம். வெள்ளை மேடுகளில் ஏறாதீர்கள், அந்தத் தூளில் தங்கம் பிரிக்கப் போட்ட சயனைடு கலந்திருக்கிறது. காற்று அடிக்கும் மாதங்களில் மூக்கை மூடிக்கொள்ளத் துணி எடுத்துப் போங்கள். தங்கவயலிலேயே இருக்கும் நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் போனால் நிற்கும் கோபுரங்களைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பாருங்கள். உச்சியில் சக்கரம் சுற்றாது. ஒரு காலத்தில் அது சுற்றுகிறதா என்று முழு ஊரும் பார்த்துக்கொண்டு நின்றது என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இன்னொன்று: சக்கரம் கழற்றி மாட்டினால் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டியபின் ஒரு தடவை நட்டை முடுக்குங்கள். அப்புறம் அதை நிம்மதியாக விட்டுவிடுங்கள்.

நான் மறுபடி அங்கே போனது எழுபத்திரண்டில், வேறு ஒரு வண்டிக்காக. குப்பம்மாளின் பிக்கப் அதே சுவரோரம் நின்றது. கௌதமன்தான் இன்னும் டிரைவர். குனிந்து வலது பின் சக்கரத்தைப் பார்த்தேன். நான் போட்ட ஐந்து ஸ்டட்டும் அப்படியே இருந்தன. நிமிர்ந்தபோதுதான் மேலே பார்த்தேன். வண்டி முழுக்கப் பச்சை. அந்த ஒரு சக்கரத்துக்கு மேலே மட்டும், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, பெயிண்ட் முழுசாகப் போய், தகரம் வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

குப்பம்மாள் தராசுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது, குரல் அதேதான்.

"இதுக்கு வாரண்டி கீதா சார்?" என்றார்.

அந்தத் தேய்ந்த இடத்தில் என் கையை வைத்தேன்.